நிறுவனங்களிடம் உள்ளூர் வரி வாங்கி உள்ளூர்ப் பொருளாதாரத்தை வளர்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இயங்கும் நிறுவனங்களிடம் தனியாக ஒரு வரி வாங்கி, அந்தப் பணத்தை அதே வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சிக்கென்று ஒதுக்குகிறது. தொழிலின் தலையில் சுமையை ஏற்றிவிட்டுத் தொழிலை வளர்க்கப் போவதாகச் சொல்வது முரணாக இல்லையா? உலகில் எங்காவது இது பலன் தந்திருக்கிறதா?

முரண் இருப்பது போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் விடை, வரியின் அளவைக் காட்டிலும், அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. எந்தத் தனி நிறுவனமும் தன் கைப்பணத்தால் வாங்க முடியாத, ஆனால் எல்லா நிறுவனங்களுக்கும் பயன்படுகிற ஒன்றை, ஒரு ரயில் பாதையையோ பாதுகாப்பான கடைத்தெருவையோ பயிற்சி பெற்ற தொழிலாளர்களையோ, அந்தப் பணம் வாங்குமானால் வரி கட்டியவர்களே நாளடைவில் அதன் பலனை அடைகிறார்கள். பலரிடம் வாங்கி ஒருவருக்கு மானியமாகக் கொடுத்தால் அது பெரும்பாலும் வீணாகிறது. என் கருத்து இதுதான் என்றாலும், இதற்கு இடைஞ்சலான சான்றுகளும் இருக்கின்றன. அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில், உள்ளூர்த் தொழில் வரி என்ற ஒரே பெயரின் கீழ் மிக வேறுபட்ட வரிகள் அடங்கியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் நகராட்சிகள் நிறுவனத்தின் லாபத்தின் மீது வரி போடுகின்றன. வரிக்குரிய லாபத்தை நாடு முழுவதும் பொதுவான 3.5 சதவீதத்தால் பெருக்கி, வரும் தொகையை ஒவ்வொரு நகராட்சி மன்றமும் தானே முடிவு செய்யும் பெருக்கு வீதத்தால் (இதுவும் சதவீதமே) மீண்டும் பெருக்குகிறார்கள். ஒரு நகரத்தின் பெருக்கு வீதம் 400 என்றால் லாபத்தில் 14 சதவீதம் வரியாகப் போகிறது. 250 என்றால் 8.75 சதவீதம்தான். இங்கிலாந்தில் நிறுவனம் பயன்படுத்தும் கட்டடத்தின் ஆண்டு வாடகை மதிப்பின் மீது வரி. லாபம் வந்ததா நட்டம் வந்ததா என்பது கணக்கில் வருவதில்லை. பிரான்சில் போக்குவரத்துக்கென்றே சம்பளத் தொகையின் மீது ஒரு தீர்வை இருக்கிறது. அமெரிக்காவின் சில நகரங்கள் விற்றுமுதலின் மீது வரி வாங்குகின்றன.

எதன் மீது வரி போடப்படுகிறதோ அதை நிறுவனங்கள் குறைத்துக்கொள்ளப் பார்க்கும் என்பதால், இந்த வேறுபாடு அற்பமானதன்று. பிரான்சில் 1975 முதல் நடைமுறையில் இருந்த உள்ளூர்த் தொழில் வரி, நிறுவனம் வைத்திருக்கும் இயந்திரங்கள், கருவிகள் ஆகியவற்றின் மதிப்பையும், நெடுங்காலம் சம்பளத்தையும், அடிப்படையாகக் கொண்டிருந்தது. புதிய இயந்திரம் வாங்கினாலும் வரி, ஆள் சேர்த்தாலும் வரி என்ற நிலை. வளர்ச்சிக்கு வேண்டிய இரண்டையும் ஒருசேரத் தண்டித்த அந்த வரியை அதிபராக இருந்த பிரான்சுவா மித்தராந்தே அறிவற்ற வரி என்று கடிந்துகொண்டார்; ஆனாலும் அது ஒழிய 2010 ஆகிவிட்டது. உள்ளாட்சிகளின் வருவாயில் பெரும் பங்கு அதிலிருந்தே வந்ததால், எல்லாரும் குறைசொன்ன ஒரு வரியைக்கூடக் கைவிட அத்தனை ஆண்டுகள் பிடித்தன. வளர்ச்சிக்கான பணத்தைத் திரட்டும் வரியே முதலீட்டைத் தடுத்தால், செலவுப் பக்கம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

அடுத்தது, நிறுவனத்தின் மீது போட்ட வரியை உண்மையில் யார் சுமக்கிறார்கள் என்பது. பொதுவிவாதங்களில் இது பேசப்படுவதே இல்லை. வரிக்கான காசோலையில் நிறுவனம் கையெழுத்திடுகிறது. ஆனால் நிறுவனம் என்பது முதலாளி, தொழிலாளி, வாடிக்கையாளர், நிலவுடைமையாளர் ஆகியோர் சந்திக்கும் இடம். சுமை இவர்களுள் யார் விலகிப்போக வழியில்லாமல் நிற்கிறார்களோ அவர்கள் மீதே இறங்குகிறது. ஜெர்மன் நகராட்சிகள் தங்கள் வீதத்தை மாற்றிய ஆயிரக்கணக்கான தருணங்களை ஆராய்ந்து ஃபூஸ்ட், பெய்ஷல், சீக்லோஹ் ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, வரிச்சுமையில் ஏறத்தாழப் பாதி குறைந்த ஊதியத்தின் வடிவில் தொழிலாளர்கள் மீது விழுகிறது என்றும், அவர்களுள்ளும் திறன் குறைந்தோர், இளையோர், பெண்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்றும் கண்டது. அமெரிக்க மாநிலங்களின் நிறுவன வரியைப் பற்றி சுவாரெஸ் செராட்டோ, சிடார் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவன உரிமையாளர்களின் பங்கு ஏறத்தாழ 40 சதவீதம். மீதி தொழிலாளர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் பிரிந்து போயிற்று.

இதன் பொருள் வரியே கூடாது என்பதன்று. “இது பெருநிறுவனங்களின் பணம், நமக்கு இலவசம்” என்ற நினைப்பில் மன்றத்தில் கை தூக்குகிறவர்கள், அந்தப் பணத்தின் ஒரு பகுதி தங்கள் ஊர்த் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டு கை தூக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அப்படி அறிந்தால் செலவைப் பற்றிய கேள்விகள் கடுமையாகும்.

இனிச் செலவுப் பக்கத்துக்கு வருவோம். கூட்டாகச் செய்தால் அனைவருக்கும் நன்மை, ஆனால் யாரும் தாமாக முன்வந்து பணம் போட மாட்டார்கள் என்ற நிலைமைதான் இந்த வரிக்கு இருக்கும் மிக வலுவான நியாயம். கனடாவின் டொரொண்டோ நகரில் ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருவில் இது தெளிவாக வெளிப்பட்டது. 1960களில் பெரிய வணிக வளாகங்கள் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டன. சுரங்க ரயில் பாதை நீட்டிக்கப்பட்டதும் தெருவில் நடந்து போனவர்கள் தரைக்கடியில் போகத் தொடங்கினர். தெருவை அழகுபடுத்தவும் விளம்பரம் செய்யவும் கடைக்காரர்களிடம் மனமுவந்த நன்கொடை திரட்டும் முயற்சியில், கொடுக்காதவர்களும் கொடுத்தவர்களைப் போலவே பலன் பெறுவார்கள் என்ற பழைய சிக்கல் எழுந்தது. எனவே அந்த வட்டாரத்தில் உள்ள அனைத்து வணிகங்களிடமும் கட்டாயத் தீர்வை வாங்கி, அதைக் கடைக்காரர்களின் வாரியமே செலவிடும் ஏற்பாடு 1970இல் சட்டபூர்வமாக உருவானது. உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று அதையே சொல்கிறார்கள். அந்த முறை பின்னர் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா எனப் பல நாடுகளுக்குப் பரவியது.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இந்த முறைக்கு இடமளித்தபோது இரண்டு பாதுகாப்புகளை உள்ளே வைத்தது. தீர்வை கட்டப்போகும் நிறுவனங்களிடையே வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதில் வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், அவர்களுடைய கட்டடங்களின் வாடகை மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். முதலாவது நிபந்தனை சில பெரிய நிறுவனங்கள் சிறிய கடைகளை மிரட்டி நிறைவேற்றுவதைத் தடுக்கிறது. இரண்டாவது, பல சிறிய கடைகள் சேர்ந்து தீர்வையின் பெரும் பகுதியைக் கட்டும் நிறுவனங்கள் மீது சுமையைத் தள்ளுவதைத் தடுக்கிறது. அதற்கும் மேலாக, தீர்வையின் காலம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். நீட்டிக்க வேண்டுமானால் மறுபடியும் வாக்கெடுப்பு. வரி வாங்குகிறவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரி கட்டுகிறவர் முன் போய் நின்று கணக்குச் சொல்ல வேண்டிய இப்படிப்பட்ட ஏற்பாடு வேறு வரிகளில் அரிது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து வட்டாரங்களைப் பற்றி லியா புரூக்ஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வட்டாரங்கள் அமைந்த இடங்களில் குற்றங்கள் குறைந்ததைக் காட்டியது.

ஆனால் இந்த முறையிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்தில் தீர்வையைக் கட்டுபவர் பெரும்பாலும் கட்டடத்தைப் பயன்படுத்தும் வாடகைதாரர். தெரு செழித்தால் அடுத்த குத்தகைப் புதுப்பிப்பின்போது வாடகை ஏறும். ஏறிய வாடகை உரிமையாளருக்குப் போகும். அதாவது கடைக்காரர் தன் பணத்தைப் போட்டுத் தன் வாடகையையே உயர்த்திக்கொள்கிற நிலை வரலாம். அமெரிக்காவில் இத்தகைய தீர்வை பெரும்பாலும் சொத்தின் உரிமையாளரிடம் வாங்கப்படுகிறது. அங்கும் குத்தகை ஒப்பந்தம் வழியாக ஒரு பகுதி வாடகைதாரருக்குத் தள்ளப்படுகிறது என்றாலும், பலன் போகும் இடத்திலிருந்தே பணமும் வர வேண்டும் என்ற நோக்கில் அதுவே நியாயமானது என்று நான் நினைக்கிறேன்.

பெரிய அளவில் இந்த முறை எப்படி வேலை செய்யும் என்பதற்கு லண்டனின் கிராஸ்ரெயில் திட்டம் நல்ல பாடம். நகரைக் கிழக்கு மேற்காகக் கடக்கும் அந்த ரயில் பாதைக்குப் பணம் திரட்ட, 2009ஆம் ஆண்டின் வணிக வரித் துணைத் தீர்வைச் சட்டத்தைப் பயன்படுத்தி, 2010 ஏப்ரல் முதல் லண்டன் முழுவதும் வாடகை மதிப்பில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 2 பென்ஸ் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டது. தொடக்கத்தில் 55,000 பவுண்டுக்கு மேல் வாடகை மதிப்புள்ள கட்டடங்கள் மட்டுமே இதற்கு உட்பட்டன. லண்டனின் வணிகக் கட்டடங்களில் பெரும்பான்மை தப்பித்தன, பெரிய அலுவலகங்களே கட்டின. வரவிருக்கும் தீர்வையை ஈடாகக் காட்டி மாநகர நிர்வாகம் 3.5 பில்லியன் பவுண்டு கடன் வாங்கியது. நேரடியாகச் செலுத்திய தொகையையும் சேர்த்து, இந்த வழியில் திட்டத்துக்கு 4.1 பில்லியன் பவுண்டு கிடைக்கும் என்று திட்டமிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவனித்துப் படிப்பது பயன்தரும். தீர்வையின் பணம் வட்டாரத்தின் பொருளாதார வளர்ச்சிக்கான ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கே செல்ல வேண்டும். வீட்டுவசதி, சமூக சேவை, கல்வி, சுகாதாரம் ஆகியவற்றுக்குச் செலவிடக் கூடாது என்று அது வெளிப்படையாகத் தடுக்கிறது. மேலே சொன்ன 2 பென்ஸே சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தீர்வையிலிருந்து வந்தால் மட்டுமே நிறுவனங்களிடையே வாக்கெடுப்பு கட்டாயம் என்பது முதலில் இருந்த விதி. கிராஸ்ரெயிலின் பங்கு அந்த வரம்புக்குள் நின்றதால் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டம் இதை மாற்றி, புதிதாக விதிக்கும் எல்லாத் துணைத் தீர்வைகளுக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஆக்கியது. ஜனநாயகக் கண்ணோட்டத்தில் இது முன்னேற்றமே. ஆனால் இன்றைய விதி அன்றே இருந்திருந்தால் கிராஸ்ரெயிலுக்கு அந்தப் பணம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். பலன் வெகுகாலம் கழித்து வரும் பெரிய கட்டமைப்புக்கு, இன்று அந்த இடத்தில் இருக்கும் நிறுவனங்களின் சம்மதம் மட்டுமே அளவுகோலாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய பாதை, செலவும் காலமும் கூடி, 2022 மே மாதத்தில் எலிசபெத் பாதை என்ற பெயரில் திறந்தது. அதுவரை பன்னிரண்டு ஆண்டுகள் வரி கட்டியவர்களுள் எத்தனையோ நிறுவனங்கள் இடம் மாறியோ மூடியோ போயிருக்கும்.

பிரான்சின் போக்குவரத்துத் தீர்வை இதைவிடப் பழையது. என் மதிப்பீட்டில் இந்தத் துறையின் மிக வெற்றிகரமான உதாரணமும் அதுவே. 1971இல் பாரிஸ் வட்டாரத்திலும் 1973 முதல் பிற பெரிய நகரங்களிலும் நடைமுறைக்கு வந்த அந்தத் தீர்வையை, இன்று 11 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மொத்தச் சம்பளத்தின் மீது கட்டுகிறார்கள். பாரிஸின் மையப் பகுதியில் வீதம் 2024 முதல் 3.2 சதவீதம், சிறிய நகரங்களில் மிகக் குறைவு. அதன் பின்னால் இருந்த வாதம் எளியது: ஊழியர்கள் காலையில் வேலைக்கு வந்து சேர்வதால் பயனடைவது முதலாளி, எனவே அந்தப் பயணத்தின் செலவில் ஒரு பங்கை அவர் ஏற்க வேண்டும். தனித்தடத்தில் ஓடும் போக்குவரத்தை அமைக்கும் நகரங்கள் கூடுதல் வீதம் விதிக்கலாம் என்ற சலுகையும் சேர்ந்தது. முற்றிலும் கைவிடப்பட்டிருந்த டிராம் வண்டிகள் நான்ட் நகரில் 1985இலும் கிரெனோபிளில் 1987இலும் ஸ்ட்ராஸ்பூரில் 1994இலும் மீண்டும் ஓடத் தொடங்கியதற்கு இந்த நிலையான வருவாய் முக்கியமான காரணம். சம்பளத்தின் மீது போடும் வரி வேலைவாய்ப்பைப் பாதிக்கும் என்ற குறை இதற்கும் பொருந்தும். இருந்தும் அரை நூற்றாண்டாக அது நிலைத்து நிற்பதற்குக் காரணம், பணம் எங்கே போகிறது என்பது தெருவில் கண்ணுக்குத் தெரிவதுதான்.

ஜப்பானில் நிறுவனங்களின் தொழிலிடங்கள் மீது போடப்படும் வரி இதற்கு நேரெதிரான பாடத்தைத் தருகிறது. 1975இல் வந்த அந்த வரியை, பெரிய நகரங்களில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் சதுர மீட்டருக்கு 600 யென் வீதமும், 100 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத்தில் 0.25 சதவீதமும் கட்டுகின்றன. சட்டப்படி அது நகர்ப்புறச் சூழலை மேம்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரி. ஆனால் சாலை, பூங்கா, குடிநீர், பள்ளி எனப் பட்டியல் நீண்டிருப்பதால் நடைமுறையில் அதைப் பொது வருவாயிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். எல்லாவற்றுக்கும் என்று ஒதுக்கினால் எதற்கும் ஒதுக்கவில்லை என்றே ஆகும்.

தனி நிறுவனத்துக்குக் கொடுக்கும் மானியத்துக்கு வருகிறேன். என் எதிர்ப்பு இங்கேதான். “இந்த நிறுவனம் வந்தால் இத்தனை வேலை கிடைக்கும், எனவே உள்ளூர் வரிப்பணத்தில் நிலமும் சாலையும் ரொக்கமும் கொடுப்போம்” என்ற பேரத்தில், மானியம் இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் வந்திருக்குமா என்பதே மையக் கேள்வி. இதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளர் டிமதி பார்டிக், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் தந்த மதிப்பீட்டின்படி, வழக்கமான சலுகைகள் நிறுவனத்தின் இடத்தேர்வை உண்மையிலேயே மாற்றுவது 100க்கு 2 முதல் 25 தடவைகளில் மட்டுமே. மற்றவர்களுக்குக் கொடுத்தது எப்படியும் நடந்திருக்கப்போகும் ஒன்றுக்குக் கொடுத்த பரிசு. மாறாக, சிறு உற்பத்தியாளர்களுக்கான தொழில்நுட்ப ஆலோசனை, நிறுவனத்தின் தேவைக்கேற்ற தொழிலாளர் பயிற்சி போன்ற சேவைகள், செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் வேலையை உருவாக்குகின்றன என்பதும் அவருடைய முடிவுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்துக்கு 2017இல் கொடுக்க ஒப்புக்கொண்ட சலுகை இதற்குப் பெயர்போன சான்று. 13,000 வேலை என்ற வாக்குறுதிக்கு மாநிலம் ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. மவுன்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊராட்சி நிலம் வாங்கவும் குழாய் பதிக்கவும் சாலை போடவும் பல நூறு மில்லியன் டாலர் கடன் சுமந்தது. தொழிற்சாலை சொன்னபடி எழவில்லை. 2021இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு 1,454 வேலைகளுக்கு 80 மில்லியன் டாலர் என்று சுருங்கியது. மாநிலத்தின் பணம் வேலை உருவானால்தான் தரப்படும் என்ற நிபந்தனையால் பெரும்பாலும் தப்பியது; முன்கூட்டியே செலவழித்த ஊராட்சிக்கு அந்தக் காப்பு இல்லை. பிறகு அதே நிலத்தின் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் தரவு மையங்களுக்காக வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். குழாயும் சாலையும் வேறொருவருக்குப் பயன்பட்டன. பொதுக் கட்டமைப்பில் போட்ட பணம், நம்பிய நிறுவனம் கைவிட்டாலும், முழுதாக அழிவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

வரி வளர்ச்சியை அடகு வைக்கும் முறையைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. கலிபோர்னியாவில் 1952இல் தொடங்கிய இந்த முறையில், ஒரு வட்டாரத்தின் சொத்து வரி அன்றைய அளவில் உறையவைக்கப்படும். அதற்கு மேல் வருங்காலத்தில் கூடும் வரி முழுவதும் அந்த வட்டாரத்தின் வளர்ச்சிக்கே திரும்பிப் போகும். புதிய வரி இல்லை, வளர்ச்சியே தன் செலவைக் கொடுக்கிறது என்ற கவர்ச்சியால் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆனால் அந்த வளர்ச்சியின் ஒரு பகுதி திட்டமே இல்லாவிட்டாலும் வந்திருக்கும்; அந்தப் பகுதி உண்மையில் பள்ளிகளுக்கும் மாவட்டத்துக்கும் சேர வேண்டியது. சிகாகோ பெருநகரப் பகுதி ஊர்களை ஆராய்ந்து டை, மெரிமன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைக் கையாண்ட ஊர்கள் கையாளாத ஊர்களைவிட மெதுவாகவே வளர்ந்திருந்தன. கலிபோர்னியாவிலேயே இந்த முறையை நடத்திய ஏறத்தாழ 400 மறுவளர்ச்சி முகமைகள் மாநிலச் சொத்து வரியில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத் தம் பக்கம் திருப்பிக்கொண்டன. பள்ளிகளுக்கு நேர்ந்த குறையை மாநில அரசு ஈடுகட்ட வேண்டியிருந்தது. கடைசியில் 2011இல் சட்டமியற்றி, 2012 பிப்ரவரியில் அந்த முகமைகளை அடியோடு கலைத்தார்கள்.

வருவாய் நிலையாக வராது என்பது இன்னொரு ஆபத்து. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பயோன்டெக் நிறுவனம் கோவிட் தடுப்பூசியால் பெரும் லாபம் ஈட்டியபோது, பல ஆண்டுகளாகக் கடனில் மூழ்கியிருந்த அந்த நகரம் 2021இல் திடீரென ஒரு பில்லியன் யூரோவுக்கும் மேல் உபரி கண்டது. நகரம் பழைய கடனை அடைத்தது, பெருக்கு வீதத்தை 440இலிருந்து 310 ஆகக் குறைத்தது, உயிர்த்தொழில்நுட்ப வளாகம் அமைக்கத் திட்டமிட்டது. தடுப்பூசி விற்பனை சரிந்ததும் வரியும் சரிந்தது, வரவுசெலவு மீண்டும் பற்றாக்குறைக்குப் போனது. கடனை அடைத்தது விவேகமான செயல். ஒரே நிறுவனத்தின் லாபத்தை நம்பி நிரந்தரச் செலவுகளை ஏற்பதோ நிரந்தரமாக வீதத்தைக் குறைப்பதோ அப்படியன்று.

வீதத்தைக் குறைத்தே வளர்ந்த ஊரும் உண்டு. ரைன் நதிக்கரையிலுள்ள மோன்ஹைம் 2012இல் வீதத்தை 300 ஆகவும் பின்னர் 250 ஆகவும் குறைத்து, நிறுவனங்களை ஈர்த்து, கடனற்ற நகரமானது. என் வாதத்துக்கு இது இடைஞ்சலான உதாரணம்தான்; குறைந்த வரியே சிறந்த வளர்ச்சித் திட்டம் என்று சொல்பவர்கள் இதையே எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் மோன்ஹைமுக்கு வந்த லாபக் கணக்கின் பெரும் பகுதி அக்கம்பக்கத்து நகரங்களிலிருந்து நகர்ந்து வந்தது. அண்டை நகரமான லெவர்குசன் 2020இல் தன் வீதத்தை 475இலிருந்து 250 ஆக வெட்டிக்கொண்டது. ஓர் ஊருக்கு ஆதாயமானது நாட்டுக்கு ஆதாயமாவதில்லை. முன்பு நோர்டர்ஃபிரீட்ரிக்ஸ்கோக் என்ற குக்கிராமம் வரியே வாங்காமல், பெயரளவு அலுவலகங்களை வரவேற்றுப் புகழ்பெற்றதும், 2004 முதல் 200க்குக் குறையாத வீதம் கட்டாயம் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்ததும் இந்தக் காரணத்தாலேயே.

ஒரு நகரம் எவ்வளவு வரி போட முடியும் என்பது அதன் இயல்பையும் பொறுத்தது. வாடிக்கையாளர்கள், திறமையான ஊழியர்கள், துணைத்தொழில்கள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பெருநகரத்தை விட்டுப் போவது நிறுவனத்துக்கு இழப்பு. அந்த இழப்பின் அளவு வரை நகரம் வரி வாங்கினாலும் அது நகராது. மியூனிக் 490 என்ற உயர்ந்த வீதத்தோடும் செழிப்பது இதனால்தான். லண்டனுக்கும் பாரிஸுக்கும் பொருந்திய தீர்வையைச் சிறிய ஊர் நகலெடுத்தால் நிறுவனம் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

ஒதுக்கீட்டின் நம்பகத்தன்மைக்கு சியாட்டில் நகரத்தைப் பார்க்கலாம். 2018 மே மாதத்தில் பெரிய நிறுவனங்கள் மீது ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வரியை மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. நிறுவனங்களின் எதிர்ப்பில் ஒரு மாதத்துக்குள் அதே மன்றம் அதை நீக்கியது. 2020இல் மீண்டும் முயன்று, பெரிய சம்பளத் தொகையுள்ள நிறுவனங்கள் உயர்ந்த சம்பளக்காரர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தின் மீது வரி போட்டார்கள். வருவாயில் 62 சதவீதம் எளியோர் வீட்டுவசதிக்கு, 15 சதவீதம் உள்ளூர்த் தொழில்களுக்கு என்று செலவுத் திட்டமும் வகுத்தார்கள். ஆனால் பொது வரவுசெலவில் பற்றாக்குறை வந்தபோது இந்தப் பணம் அங்கே திருப்பப்பட்டது; 2024இல் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று விதியே தளர்த்தப்பட்டது. மன்றத் தீர்மானத்தால் செய்த ஒதுக்கீட்டை மன்றத் தீர்மானமே அவிழ்த்துவிடும். கிராஸ்ரெயில் தீர்வை அப்படித் திசைமாறாமல் இருந்ததற்கு, சட்டத் தடையோடு, அந்த வருவாய் கடன்காரர்களுக்கு ஏற்கெனவே வாக்களிக்கப்பட்டிருந்ததும் காரணம்.

ஆகவே, ஒரு நகராட்சி இத்தகைய வரியை முன்மொழிந்தால் நான் வீதத்தைக் கேட்பதற்கு முன் திட்டத்தின் பெயரைக் கேட்பேன். “பொருளாதார வளர்ச்சி” என்ற பொதுச்சொல் போதாது. எந்தப் பாதை, எந்தப் பயிற்சி நிலையம், எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும். அடுத்து, பலனால் நில மதிப்பு உயரும் உரிமையாளர்கள் தங்கள் பங்கைக் கட்டுகிறார்களா என்று பார்ப்பேன். சிறிய கடைகளை விலக்கும் வரம்பு, தனிக் கணக்கு, வெளியார் தணிக்கை, பணம் பெறும் நிறுவனம் வாக்குத் தவறினால் திருப்பிக் கொடுக்கும் விதி ஆகியவை நல்ல வழக்கறிஞர் ஒருவரால் எழுதிவிடக் கூடியவை. அவற்றைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. கடினமானது முடிவு நாளை நிர்ணயிப்பது. கடைத்தெரு தீர்வைக்கு ஐந்து ஆண்டு பொருத்தம். கடன் வாங்கிக் கட்டும் ரயில் பாதைக்கு அது பொருந்தாது, லண்டனில் கடன் தீரும் வரை, அதாவது 2030களின் இறுதி வரையோ அதற்குச் சற்றுப் பின்னரோ, தீர்வை தொடரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கடன் தீர்ந்த நாளில் அந்தத் தீர்வை உண்மையிலேயே நிறுத்தப்படுமா, வேறொரு திட்டத்தின் பெயரில் நீடிக்குமா என்பதை, 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அன்று லண்டனில் வரி கட்டும் நிறுவனங்களின் வாக்குத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.